கல்லூரி வாங்கிக் கொடுத்தவர்

பேருந்து வீரபாண்டியைத் தாண்டியதும் சுயம்புலிங்கம் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து உதறி, மடித்து, மறுபடி போட்டுக்கொண்டு பக்கத்து இருக்கைக்காரரிடம் ஆரம்பிப்பார்.

"நாட்டு வருமானத்துல நூத்துக்கு ஆறு பங்கு படிப்புக்கு ஒதுக்கணும்னு கமிஷன் சொல்லியிருக்கு. ஒதுக்குனாகளா? கேட்டா நிதி இல்லேங்கிறாக. எங்கிட்ட வந்து கமிஷனப் பத்திப் பேச முடியுமா? நானே கமிஷன் மண்டி வச்சிருக்கவன்."

பக்கத்து இருக்கைக்காரர் பெரும்பாலும் தேனிச் சந்தைக்கு முருங்கைக்காய் கொண்டுபோகிறவராக இருப்பார். மூட்டை பேருந்தின் கூரைமேல் கிடக்கும். இறங்கி ஓட முடியாது. ஆறு பங்கையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கோம்பையில் வாழைத்தார் மண்டி நடத்தும் சுயம்புலிங்கம் திங்கட்கிழமை மட்டும் கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டுத் தேனிக்குக் கிளம்பிவிடுவார். அன்றுதான் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். தேனி தனி மாவட்டமான காலத்திலிருந்து அவருக்கு இருந்தது ஒரே குறை: கோம்பையில் அரசுக் கல்லூரி இல்லை. பட்டா கேட்டும், முதியோர் பணம் கேட்டும், குடிதண்ணீர் கேட்டும் வரிசையில் நிற்கிறவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போவார். "சின்னச் சின்னக் காரியத்துக்கெல்லாம் வந்து நின்னுக்கிறாக பாரு" என்று சத்தமாகவே சொல்வார். கலெக்டர்கள் மாறினார்கள். ஆட்சிகள் மாறின. மனு மாறவில்லை, எழுத்துப்பிழைகூட மாறவில்லை.

சட்டைப் பையில் மூன்று பேனா குத்தியிருப்பார். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்தான். "நானா நின்னேன்? பள்ளிக்கூடந்தான் என்னைய நிப்பாட்டிருச்சு" என்பது அவருடைய விளக்கம். கல்யாணப் பத்திரிகை வந்தால் நாளையும் இடத்தையும் பார்ப்பதற்கு முன் மணமக்களின் பெயருக்குப் பின்னால் உள்ள பட்டத்தைத்தான் பார்ப்பார். "பி.காம். இது உத்தமபாளையத்துல வாங்குனது. எம்.ஏ. இது போடி. பொண்ணு பி.எட்., மதுரை. நம்ம ஊர்ப் பேர் சொல்ற மாதிரி ஒரு எழுத்து இருக்கா பாரு" என்று பத்திரிகை வைக்க வந்தவரிடமே வருத்தப்படுவார். மொய் எழுதும்போதும் அந்த வருத்தம் தெரியும்.

அவருடைய ஒரே மகன் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். அரசுக் கல்லூரிக்காக இவ்வளவு பாடுபடுகிறவர் பிள்ளையை ஏன் அங்கே சேர்த்தார் என்று டீக்கடையில் யாரோ கேட்டுவிட்டார்கள். சுயம்புலிங்கம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது வீட்டுக்குப் படிப்பு. இது நாட்டுக்குப் படிப்பு. ரெண்டையும் போட்டுக் கொழப்புறீகளே."

இப்படி ஒன்பது பத்து ஆண்டுகள் ஓடிய பிறகு ஒரு நாள், தேர்தல் முடிந்த சூட்டில், கல்லூரி உண்மையாகவே வந்துவிட்டது. அதாவது அறிவிப்பு வந்தது. வளரும் மாநிலத்தில் எந்தப் பிள்ளையும் உயர்கல்விக்காக ஊர்விட்டு ஊர் அலையக் கூடாது என்றும், அதற்காகப் புதிய கலைக் கல்லூரிகள் தொடங்கப்படும் என்றும் அறிவித்து ஊர்களின் பெயரை வாசித்தார்கள். அதில் கோம்பையும் இருந்தது. அறிவிப்பில் கல்லூரி இருந்தது. கட்டடம் இல்லை, நிலம் இல்லை, கழிப்பறை இல்லை. அந்த ஆண்டே வகுப்புகள் தொடங்கும் என்பது மட்டும் இருந்தது.

சுயம்புலிங்கம் மண்டிக்கு முன்னால் சரவெடி கொளுத்தினார். வாழைத்தார் ஏற்ற வந்த லாரிக்காரர் புகைக்குள் வழி தெரியாமல் நின்றார். "வாங்கியாந்துட்டேன்ல!" என்று அவர் சொன்ன தோரணையைப் பார்த்தால், தேனியிலிருந்து கல்லூரியைப் பேருந்தின் கூரைமேல் போட்டுக் கட்டிக் கொண்டுவந்ததைப் போலத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தன் அப்பா பெயரில் கட்டிய மொக்கச்சாமி திருமண மஹாலை வாடகையே இல்லாமல் கல்லூரிக்குத் தருவதாகவும் மேடையில் அறிவித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி சங்கிலியம்மாள் கேட்டாள். "ஆவணியில இருந்து முகூர்த்தத்துக்கு ஆள் வந்து சொல்லி வச்சிட்டுப் போயிருக்காக. அவுகளுக்கு என்ன பதில் சொல்லப் போறீக?"

சுயம்புலிங்கம் அதைப் பற்றி யோசித்திருக்கவில்லை. கைதட்டலின்போது யாராலும் யோசிக்க முடிவதில்லை.

பொறுப்பு முதல்வராக வந்தவர் இவாஞ்சலின். தேனியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். சுயம்புலிங்கத்துக்கு அவர் முதல் நாளிலிருந்தே டீச்சரம்மாதான்.

"டீச்சரம்மா, எது வேணும்னாலும் கேளுங்க. முகூர்த்த நாள்ல மட்டும் மஹாலக் கேக்காதீக."

"வருசத்துக்கு எத்தன முகூர்த்தம் வரும்யா?"

"அது ஆண்டவன் கையில இருக்கு."

மணமகள் அறையில் கணினித் துறை அமைந்தது; அங்கேதான் பிளக் பாயிண்ட் வேலை செய்தது. மணமகன் அறை கணிதத்துக்கு. பந்திக் கூடத்தில் வணிகவியல். தமிழ்த்துறை மேடைக்குப் போனது. சிவப்பு வெல்வெட் போட்ட மணமக்கள் நாற்காலி இரண்டையும் எடுத்துப் போட இடமில்லாததால், விரிவுரையாளர் அவற்றில் ஒன்றில் உட்கார்ந்து இலக்கணம் நடத்தினார். முதல்வர் அறை, பாத்திரங்கள் வைக்கும் உள்ளறை. இவாஞ்சலின் அரசுக்குக் கடிதம் எழுதும்போது தலைக்கு மேலே ஒரு சாம்பார் அண்டா தொங்கியது.

முகூர்த்தம் வந்தால் கல்லூரிக்கு விடுமுறை. ஆவணி, ஐப்பசி, தை மாதங்களில் பாடம் நொண்டியது. ஆடியிலும் மார்கழியிலும்தான் கோம்பையில் உயர்கல்வி தடையில்லாமல் வளர்ந்தது.

சொந்தக் கட்டடத்துக்கு அரசு பணம் தரத் தயார்தான். ஆனால் ஒரே இடத்தில் பத்து ஏக்கர் நிலத்தை ஊரில்தான் தேடித் தர வேண்டும் என்றார்கள். கிராம நிர்வாக அலுவலர் காமராஜ் ஒரு நாள் இவாஞ்சலினை மலையடிவாரத்துக்கு அழைத்துப்போனார்.

"அங்கன தெரியுது பாருங்க மேடம். அதுதான். மேய்ச்சல் புறம்போக்கு. பத்து ஏக்கருக்குக் குறையாது."

"தென்னை நிக்குதே?"

"மாடு மேய வரல மேடம். தென்னை வந்து மேஞ்சிருச்சு."

"யாரோடது?"

காமராஜ் பிடரியைச் சொறிந்தார். "மஹால் கொடுத்தாகள்ல, அவுகளோடதுதான். நோட்டீஸ் விட்டா கோர்ட்டுக்குப் போயி தடை வாங்கிருவாக. அப்புறம் நம்ம பேரப்பிள்ளைக வந்துதான் கல்லூரி கட்டணும்."

இந்தச் செய்தி சுயம்புலிங்கத்தின் காதுக்குப் போய்ச் சேர மறுநாள் காலை ஆகவில்லை. அன்றிலிருந்து அவர் நிலம் தேடுவதில் காட்டிய வேகத்தை ஊர் அதுவரை பார்த்ததில்லை. கண்மாயின் உள்வாயைக் காட்டினார். மழை பெய்தால் அங்கே மீன்தான் படிக்கும். மலைமேல் ஒரு பாறையைக் காட்டினார். கடைசியில் சுடுகாட்டை ஒட்டிய மேட்டைக் காட்டி, "இங்கன சத்தமே இருக்காது டீச்சரம்மா. படிக்கத் தோதான எடம்" என்றார். இவாஞ்சலின் எல்லா இடத்தையும் பொறுமையாகப் போய்ப் பார்த்தார். தோப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைச் சுயம்புலிங்கம் தன்னுடைய கெட்டிக்காரத்தனம் என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் ஆண்டு சித்திரையில் பல்கலைக்கழகத் தேர்வு வந்தது. அதே நாளில் ஒரு முகூர்த்தமும் வந்தது. தேவாரத்து ஏலத்தோட்டக்காரர் வீட்டுக் கல்யாணம். சுயம்புலிங்கத்தால் முடியாது என்று சொல்ல முடியாத இடம். முந்தின நாளே பந்தல்காரர்கள் வந்து பெஞ்சுகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டார்கள். மேல்நிலைப் பள்ளியில் கேட்டால், அங்கே பத்தாம் வகுப்புத் தேர்வு நடந்துகொண்டிருந்தது.

மாணவர்கள் மண்டி வாசலில் போய் நின்றார்கள். சுயம்புலிங்கம் வெளியே வந்தார்.

"இதுக்கா இம்புட்டுப் பேரு வந்தீக? பரீட்சைய ஒரு நாள் தள்ளி வைக்கச் சொல்லுங்க. முகூர்த்தத்தத் தள்ள முடியுமா?"

"பல்கலைக்கழகத்துல எல்லாக் காலேஜுக்கும் ஒரே நாள்தான் மொதலாளி" என்றாள் வணிகவியல் படிக்கும் மதீனா. பேக்கரிக்காரர் ஹக்கீமின் மகள். "எழுதலைன்னா பெயிலுன்னுதான் போடுவாக. ஒரு வருசம் போயிரும்."

"ஒரு வருசந்தானே ஆத்தா? நான் பத்து வருசம் அலைஞ்சு வாங்கியாந்த காலேஜு இது. ஒரு வருசம் ஒனக்குப் பெருசாப் போச்சா?"

"கோயமுத்தூர்ல உங்க மகன் பரீட்சை எழுதுற அன்னிக்கி அங்கன யாரும் கல்யாணம் வைப்பாகளா மொதலாளி?" என்று கேட்டாள் மதீனா.

பின்னால் நின்ற ஒருவன் சிரித்துவிட்டான். சுயம்புலிங்கத்துக்கு முகம் கறுத்தது. "வாயப் பாரு. இந்த வாயெல்லாம் யாரு குடுத்த காலேஜுல படிச்சு வந்துச்சு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். போனவருக்கு வாழைத்தாரில் மனம் செல்லவில்லை. எடை போடுகிறவனைக் காரணமில்லாமல் திட்டினார்.

மறுநாள் காலை மஹால் வாசலில் அவர் சந்தனம் கொடுத்து வரவேற்றுக்கொண்டிருந்தபோதே, பெஞ்சுகள் ஒரு டிராக்டரில் ஏறி மலையடிவாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. இவாஞ்சலின் மதுரைப் பல்கலைக்கழகத்தில் பேசி இடம் மாற்ற அனுமதி வாங்கிவிட்டிருந்தார். காமராஜ் முன்னால் போய், "அரசாங்க எடம்யா இது" என்று காவலாளிக்கு ஞாபகப்படுத்தி, தோப்பு வாசல் படலை எடுத்து ஓரமாக வைத்தார். தென்னை மரங்களுக்கு நடுவில் வரிசையாகப் பெஞ்சுகள் விழுந்தன. தேனியிலிருந்து ஒரு பத்திரிகைக்காரரும் எப்படியோ சேதி தெரிந்து கேமராவோடு வந்திருந்தார். எப்படி என்பதை இவாஞ்சலின் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சுயம்புலிங்கத்துக்குச் சேதி பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது வந்தது. பாயசத்தை அப்படியே விட்டுவிட்டு, கைகூடச் சரியாகக் கழுவாமல் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். தோப்புக்குள் நுழையும்போதே குரல் முன்னால் போனது.

"யாரக் கேட்டு உள்ள வந்தீக? எவன்யா தெறந்து விட்டது?"

எழுதிக்கொண்டிருந்த தலைகள் நிமிர்ந்தன. இவாஞ்சலின் உதட்டில் விரலை வைத்து, "பரீட்சை நடக்குது" என்றார். அந்தச் சமயத்தில்தான் கேமரா சுயம்புலிங்கத்தின் பக்கம் திரும்பியது. கேமராவைக் கண்டதும் அவர் கை தானாகத் தோளுக்குப் போய்த் துண்டைச் சரிசெய்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்த முகத்தில் ஒரு சிரிப்பு வழி தேடி வந்து உட்கார்ந்தது.

"தோப்பு உங்களுதாய்யா?" என்று கேட்டார் பத்திரிகைக்காரர்.

இல்லை என்றால் தேங்காய் யாருடையது என்ற கேள்வி வரும். "என்னுதுதான்" என்றார்.

"பரீட்சைக்கு நீங்களே விட்டீகளா?"

"பின்னே? பிள்ளைக வெயில்ல நிக்கலாமா? நாந்தான் போயி நிழல்ல உக்காந்து எழுதுங்கன்னு சொன்னேன்."

இவாஞ்சலின் இரண்டடி முன்னால் வந்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார். "பரீட்சைக்கு மட்டும் இல்ல சார். காலேஜ் கட்டடத்துக்கும் இந்த எடத்தையே குடுக்கலாம்னு அய்யா யோசிச்சிட்டிருக்காக."

"அப்படியாய்யா?"

கேமரா அசையாமல் இருந்தது. மதீனா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். அவளோடு சேர்ந்து தோப்பு முழுக்கப் பார்த்தது. இல்லை என்று சொல்ல அவர் வாயைத் திறந்தது நிஜம். இத்தனை பேர் ஒரே சமயத்தில் அவர் வாயிலிருந்து வரும் பதிலுக்காகக் காத்திருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"யோசிக்கிறதென்ன இருக்கு" என்றார். "குடுத்தாச்சு."

மறுநாள் பேப்பரில் அவர் படம் வந்தது. தோப்பைத் தந்த வள்ளல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கடையில் இருந்த பிரதிகள் அத்தனையையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சங்கிலியம்மாள் படத்தைப் பார்க்கவில்லை.

"மழை தண்ணி இல்லாத வருசம் நாந்தானே குடத்துல தூக்கித் தூக்கி ஊத்துனேன்? ஒரு வார்த்த கேட்டீகளா?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வள்ளலாக இருப்பது இவ்வளவு வலிக்கும் என்று பேப்பரில் எங்கும் போட்டிருக்கவில்லை.

உத்தமபாளையத்தில் வக்கீல் ஷானவாஸைப் போய்ப் பார்த்தார். வக்கீல் பேப்பரையும் படித்தார், அவர் சொன்னதையும் கேட்டார்.

"குடுக்கலைன்னு சொல்லணும்னா மொதல்ல எடம் உங்களுதுன்னு சொல்லணும் அண்ணே. உங்களுதுன்னு காட்ட என்ன வச்சிருக்கீக?"

"தென்னை வச்சிருக்கேன்."

"அது மரம். நான் பட்டாவக் கேட்டேன்."

சுயம்புலிங்கம் எழுந்து வந்துவிட்டார். வழக்குப் போட்டிருந்தால் பதினைந்து வருடம் இழுத்திருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் வழக்குப் போடுகிறவனை வள்ளல் என்று யாரும் எழுத மாட்டார்கள். அதுவும் தெரியும். பேருந்தில் வரும்போது பக்கத்து இருக்கைக்காரர் அவரை அடையாளம் கண்டு கும்பிட்டார். அந்தக் கும்பிடு விஷயத்தை முடித்து வைத்தது.

நிலத்தை ஒப்படைக்கும் விழாவில் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். "அரசாங்கத்துக்கே அரசாங்க நெலத்தத் தானம் குடுத்த ஆளு, தமிழ்நாட்டுலயே இவுக ஒருத்தர்தான்யா" என்று காமராஜ் டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கட்டடத்துக்கு மொக்கச்சாமி பெயரை வைக்க இவாஞ்சலின் எழுதிக் கேட்டார் என்பது உண்மை. மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை என்பதும் உண்மை. கேட்கும்போதே வராது என்று அவருக்குத் தெரியும் என்று சிலர் சொல்கிறார்கள்.

பணம் ஒதுக்கி, ஒப்பந்தம் விட்டு, பாதியில் நின்று, மறுபடி தொடங்கி, இரண்டாயிரத்துப் பத்தில் கட்டடம் எழுந்தது. மதீனா அதில் ஒரு நாள்கூட உட்காரவில்லை, அதற்குள் பி.காம். முடித்துவிட்டு மதுரைக்கு மேற்படிப்புக்குப் போய்விட்டாள். அவள் தங்கை சானியாதான் புதுக் கட்டடத்தில் சேர்ந்தாள். வாசலில் கறுப்புக் கல் பதித்தார்கள். அறிவித்தவர், அடிக்கல் நாட்டியவர், திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் என்று எல்லாருடைய பெயரும் அதில் இருக்கிறது. கடைசி வரியில் 'பொதுமக்கள் பங்களிப்புடன்' என்று இருக்கிறது. சுயம்புலிங்கம் போகிறவர் வருகிறவரை நிறுத்தி, அந்த வரியில் விரலை வைத்துக் காட்டுகிறார். "பொதுமக்கள்னு போட்டிருக்காகள்ல, அது நாந்தான்."

திங்கட்கிழமை தேனிப் பயணமும் நிற்கவில்லை. இப்போது கேட்பது மருத்துவக் கல்லூரி. அதற்கு எத்தனை ஏக்கர் தேவைப்படும் என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறார்.

திறப்பு விழாவன்று முன்வரிசையில் அவருக்கு நாற்காலி போட்டு, மறுபடியும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அழகுக்காக வெட்டாமல் விட்டுவைத்த தென்னைகளின் நிழலில் பந்தல். சிறப்பு விருந்தினர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்: வளரும் மாநிலம், உயர்கல்விக்கு வரலாறு காணாத ஒதுக்கீடு, இன்னும் பத்தாண்டில் உலகத் தரம். கூட்டம் கை தட்டிக்கொண்டிருக்கும்போது பந்தலுக்கு வெளியே தொம்மென்று ஒரு காய் விழுந்தது. சுயம்புலிங்கம் எழுந்தார். குனிந்து போய் அதை எடுத்தார். காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி வந்து உட்கார்ந்து, தோளில் இருந்த பொன்னாடையைக் கழற்றிக் காயைச் சுற்றி, மேடையைப் பார்த்துக்கொண்டே குதிகாலால் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டுக் கை தட்டினார்.